வாதக் கட்டுரைக்குச் சட்டகம் அமைத்தல்: சென்னையின் மழைநீர் சேகரிப்புச் சட்டத்தை முன்வைத்து

தாமரைக்குளம்:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலைப் பொது நிர்வாகம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் மூவாயிரம் சொற்களில், ஆய்வு சார்ந்த வாதக் கட்டுரை ஒன்றை அளிக்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி, சென்னையை மட்டும் எல்லையாகக் கொண்டு எழுத விரும்புகிறேன். எழுதத் தொடங்கும் முன்பு சட்டகத்தைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி.

நான் அமைத்த சட்டகம் இது: முன்னுரை, சென்னையின் நீர் வரலாறு, மழைநீர் சேகரிப்பின் வகைகள், 2003ஆம் ஆண்டுச் சட்டம், நன்மைகள், குறைகள், தீர்வுகள், முடிவுரை. 'மழைநீர் சேகரிப்பு சென்னைக்கு இன்றியமையாதது' என்பதை மையக் கூற்றாகக் கொண்டிருந்தேன். வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, "இதில் செய்தி இருக்கிறது, வாதம் இல்லை" என்று திருப்பி அனுப்பினார். செய்திக்கும் வாதத்துக்கும் உள்ள வேறுபாடு சட்டகத்திலேயே எவ்வாறு தெரிய வேண்டும் என்பதை விளக்க முடியுமா?

ஏட்டுச்சுவடி:

உங்கள் எட்டுத் தலைப்புகளும் வெறும் பெயர்களாக நிற்பதை முதலில் கவனியுங்கள், அம்மா. 'நன்மைகள்' என்ற தலைப்பை எவராலும் மறுக்க முடியாது, ஏனெனில் அது எதையும் சொல்லவில்லை. அதே இடத்தில் 'மணற்பாங்கான கடலோரப் பகுதிகளில் இச்சட்டம் பயன் தந்தது' என்று பயனிலையோடு முடியும் ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். உடனே, எந்தப் பகுதி, எவ்வளவு பயன், அதை எப்படி அறிந்தீர்கள் என்ற கேள்விகள் எழுகின்றன. வாசகர் கேட்கப்போகும் கேள்வியைச் சட்டகத்திலேயே எழுப்பிவிடுவதுதான் முழு வாக்கியத் தலைப்பின் பயன். நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்தது ஒன்றுதான்: சட்டகத்தின் தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால், அதுவே வாதத்தின் சுருக்கமாக இருக்க வேண்டும்.

மையக் கூற்றுக்கும் இதே சோதனை உண்டு. மழைநீர் சேகரிப்பு வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை உங்களால் காட்ட முடியுமா? காட்ட முடியாதென்றால், மூவாயிரம் சொற்களில் நீங்கள் யாரோடு வாதிடப்போகிறீர்கள்? அறிவும் நேர்மையும் உள்ள ஒருவர் மறுக்கக்கூடிய கூற்றே வாதத்துக்கு உரியது.

எந்த நிலையில் நின்று வாதிடப்போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்க, நன்னூலின் பாயிரம் சொல்லும் எழுவகை மதம் இன்றும் உதவுகிறது. பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதை மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்பு களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டுச் சொல்வதில் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், எவரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்ளுதல் என்று அவை ஏழு. உங்கள் பொருளில் இரு தரப்பினர் ஏற்கெனவே இருக்கிறார்கள். சட்டம் நகரின் நிலத்தடி நீரைக் காத்தது என்பவர் ஒருபுறம். சட்டம் விதித்த கெடுவுக்கு அஞ்சிக் குழாய் பொருத்தியதோடு எல்லாம் முடிந்தது என்பவர் மறுபுறம். இவர்களுக்கு நடுவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அது எழுதப்படும் வரை தலைப்புகளை வரிசைப்படுத்தத் தேவையில்லை.

ஊற்றுக்கண்:

நிலத்தடி நீர்த் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில், கட்டுரை வடிவத்தை விட்டுவிட்டு, சான்று எங்கே சறுக்கும் என்பதைச் சொல்கிறேன்.

'2003இல் சட்டம் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது, ஆகவே சட்டம் வென்றது' என்ற வாதத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். அந்த இடைவெளியில் வேறு என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். 2004இல் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியாகக் குடிநீர் சென்னைக்கு வரத் தொடங்கியது. வெளியிலிருந்து நீர் வந்தால், நகருக்குள் நிலத்தடியிலிருந்து உறிஞ்சும் தேவை அந்த அளவுக்குக் குறையும். 2005இல் பெருமழை பெய்து நகரே வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய மழையில், சேகரிப்பு அமைப்பு இல்லாத இடத்திலும் கிணறு நிறையும். மூன்று காரணங்கள் ஒன்றாக வந்திருக்கும்போது, விளைவு முழுவதையும் ஒன்றின் கணக்கில் எழுத முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: சட்டம் மாநிலம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் பொருந்தியதால், 'சட்டம் இல்லாத பக்கத்து ஊர்' என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடமே தமிழ்நாட்டில் இல்லை.

இதனால் கட்டுரை எழுத முடியாமல் போகாது. ஒப்பீட்டை வேறு வகையில் திட்டமிட வேண்டும், அவ்வளவே. மழையளவு ஏறக்குறைய ஒத்திருக்கும் ஆண்டுகளைச் சட்டத்துக்கு முன்னும் பின்னுமாகத் தேர்ந்தெடுத்து ஒப்பிடலாம். அல்லது ஒரே ஆண்டில், வேறுபட்ட மண் உள்ள பகுதிகளை ஒப்பிடலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். நகரின் நடுவிலும் மேற்கிலும் பெரும்பாலும் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் அடியில் கடும்பாறை. மணலில் சாதாரணக் கசிவுக்குழி போதும். களிமண்ணில் அதே குழியைத் தோண்டினால், நீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கும். களிமண் அடுக்கைத் துளைத்துக் கீழே உள்ள மணலுக்கு நீரைக் கொண்டுசெல்லும் செறிவூட்டு துளை தேவைப்படும். அந்தத் துளையின் வடிகட்டிப் படுகையைக் கழுவாமல் விட்டால், சில மழைக்காலங்களில் அடைத்துக்கொள்ளும்.

கணக்கு ஒன்றையும் செய்து பாருங்கள். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழும் மழை ஆண்டுக்குச் சுமார் 1.3 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவில், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் தேவை. ஆகவே தனி வீட்டின் தேவையில் பாதியைக் கூரையே தருகிறது. ஆனால் 2,400 சதுர அடிக் கூரையின் கீழ் எட்டுக் குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் கட்டடத்தில் அதே கணக்கைப் போட்டால், தேவையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே கிடைக்கும். 'சென்னை' என்று ஒரே சொல்லில் அடக்கி எழுதப்படும் எந்தக் கூற்றும் இந்த வேறுபாடுகளின்முன் நிற்காது.

நூலகவாசல்:

ஊற்றுக்கண் ஐயா சொன்னதைச் சட்டகத்துக்குள் கொண்டுவரும் வழியைச் சொல்கிறேன். ஒவ்வொரு வாக்கியத் தலைப்புக்கும் எதிரே மூன்று குறிப்புகள் இருக்கட்டும்: இதை நிறுவ என்ன சான்று வேண்டும், அது யாரிடம் இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் இந்தத் தலைப்பை எந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வேன். மூன்றாவது குறிப்பைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை. கடைசி வாரத்தில் சான்று கிடைக்காமல் தவிக்கும்போது, 'பலரும் கூறுகின்றனர்', 'ஆய்வுகள் தெரிவிக்கின்றன' போன்ற ஆதாரமற்ற தொடர்கள் கட்டுரைக்குள் நுழைவது இந்தக் குறிப்பு இல்லாததால்தான்.

உங்கள் பொருளுக்கான சான்றுகள் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. மழையளவுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் பதிவுகள் உள்ளன. நீர்மட்டத்துக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையும் வைத்திருக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகள் உள்ளன. சட்டத்தின் சொற்களுக்கு அரசிதழையும் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். நாளிதழ்ச் செய்தியை வைத்துச் சட்டத்தைப் பற்றி எழுதாதீர்கள். அக்கால நாளிதழ்களுக்கு எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்தில் தொடங்குங்கள். மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய விவரம் இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விடை தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதைக் கணக்கில் கொண்டு, இந்த வாரமே மனுவை அனுப்பிவிடுங்கள். கட்டுரைத் திட்டம் என்பது தலைப்புகளின் வரிசை மட்டுமல்ல, நாட்களின் வரிசையும் கூட.

எதிர்க்கரை:

நான் மாறுபடுகிறேன். மையக் கூற்றை முதலிலேயே எழுதிவிட்டுச் சான்று தேடச் சென்றால், அந்தக் கூற்றுக்கு உடன்படும் சான்றுகள் மட்டுமே கண்ணில் படும். ஆய்வு என்பது விடை தெரியாமல் தேடுவது. சட்டகத்துக்கு ஒப்புதல் பெற்றுவிட்டால், அதை மாற்றவும் மாணவர்கள் தயங்குகிறார்கள். தலைப்பு ஏழில் 'தீர்வு' என்று எழுதிவிட்டதால், இல்லாத தீர்வை உண்டாக்குகிறார்கள். முதலில் நிறைய படித்து, கட்டின்றி ஒரு வரைவு எழுதி, அதிலிருந்து சட்டகத்தைப் பிரித்தெடுப்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

ஏட்டுச்சுவடி:

எதிர்க்கரை அவர்கள் சொல்லும் ஆபத்து உண்மையானது. அதற்கு அவர் கூறும் மருந்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டின்றி எழுதிய வரைவிலும் எழுதுபவரின் முன்முடிவு இருக்கும்; அது மறைவாக இருக்கும், அவ்வளவே. கூற்றை வெளிப்படையாக எழுதி வைத்தால், அதைச் சோதிக்கவாவது முடியும்.

இதற்கு நம் மரபிலேயே ஒரு முறை இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரு பகுதிகளாக அமைந்த நூல். அருணந்தி சிவாச்சாரியார் முதலில் பிற சமயத்தாரின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுத்து, அதன் பிறகே தம் கொள்கையை விரிக்கிறார். அந்த வரிசையைச் சட்டகத்துக்குப் பயன்படுத்துங்கள். உங்கள் சட்டகத்தை அமைப்பதற்கு முன்பு, உங்களை மறுப்பவர் எழுதக்கூடிய கட்டுரைக்கு ஒரு முழுச் சட்டகம் அமையுங்கள். அவருக்கு நல்ல சான்றுகளையே கொடுங்கள். எதிர்த்தரப்பின் சட்டகம் உங்களுடையதைவிட உறுதியாக அமைந்துவிட்டால், கூற்றை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் அதுவே. அப்போது ஒரு பக்கத் தாளைத்தான் கிழிக்க வேண்டியிருக்கும், மூவாயிரம் சொற்களை அல்ல.

எதிர்க்கரை:

எதிர்த்தரப்புச் சட்டகத்தை முதலில் எழுதுவதை ஏற்கிறேன். அது நான் கேட்ட பாதுகாப்பைத் தருகிறது. ஒரு நிபந்தனையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: எந்தச் சான்று கிடைத்தால் என் கூற்றைக் கைவிடுவேன் என்பதைச் சட்டகத்தின் தலையிலேயே ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். படிக்கத் தொடங்கிய பிறகு அந்த வரியைத் திருத்தக் கூடாது.

தாமரைக்குளம்:

இங்கே சொல்லப்பட்டவற்றைக் கொண்டு மீண்டும் அமைத்திருக்கிறேன்.

எதிர்த்தரப்பின் சட்டகத்தை முதலில் எழுதினேன். சட்டம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. இரண்டு தலைமுறைக்குப் போதுமான கட்டமைப்பு அதனால் வந்துவிட்டது. இனிமேல் கட்டட உரிமையாளரின் பொறுப்புக்கு விட்டுவிடலாம். அரசின் பணத்தையும் ஆட்களையும் பெரிய நீர்நிலைகளைத் தூர்வாருவதிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலும் செலுத்துவதே மேல். மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கிய நிலையங்கள் நாளொன்றுக்குத் தலா பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டவை என்பதால், இந்தத் தரப்பு நான் நினைத்ததைவிட வலுவாகவே இருக்கிறது.

என் மையக் கூற்று: 'மழைநீர் சேகரிப்பு அமைப்புகளை ஒருமுறை கட்டவைப்பதோடு நிற்காமல், களிமண், பாறைப் பகுதிகளில் உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களில் அவற்றை ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு சரிபார்த்துச் சான்றளிக்கும் பொறுப்பைச் சென்னை மாநகராட்சி ஏற்க வேண்டும்.'

கைவிடும் நிபந்தனை: பராமரிக்கப்பட்ட, பராமரிக்கப்படாத கட்டடங்களின் கிணற்று நீர்மட்டத்தில் பருவமழைக்குப் பின்னரும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றால், இந்தக் கூற்றைக் கைவிடுவேன்.

தலைப்புகள்: (1) 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வெற்றியை நீர்மட்ட உயர்வைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது, ஏனெனில் மழையும் வீராண நீரும் அதில் கலந்துள்ளன. (2) மண்ணின் தன்மை, ஒரு கூரையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களின் எண்ணிக்கை ஆகிய இரண்டுமே பயனைத் தீர்மானிக்கின்றன. (3) களிமண், பாறைப் பகுதிகளின் அமைப்புகள் பராமரிப்பின்றிச் செயலிழக்கின்றன. (4) பெரிய நீர்த்திட்டங்களே போதும் என்ற வாதம் 2019இல் பொய்த்தது. (5) ஆகவே ஆண்டுச் சரிபார்ப்பு தேவை.

ஊற்றுக்கண்:

முதல் மூன்றும் நன்றாக இருக்கின்றன. நான்காவது தலைப்பு விழுந்துவிடும். 2018இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவர வேண்டியிருந்தது. இவை உண்மை. ஆனால் ஏரிகளை வறளவைத்த அதே மழைக்குறைவு உங்கள் கூரைகளையும் வறளவைத்திருக்கும். ஆகவே '2019' என்ற சான்று எதிர்த்தரப்பை வீழ்த்துவதற்கு முன்பு உங்களையே வீழ்த்தும். கடல்நீர் நிலையத்துக்கு மழையே தேவையில்லை என்று அவர் திருப்பிக் கேட்பார்.

அந்த இடத்தில் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: நல்ல மழை பெய்த ஆண்டின் நீர் எங்கே தங்குகிறது? நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 11 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அதற்கு மேல் வருவது கடலுக்குப் போகிறது. நகருக்குள் பெய்யும் மழையின் ஒரு பகுதியை நிலத்தடியில் தேக்கினால், அது ஏரியைப் போல ஆவியாகாமல் அடுத்த கோடைக்கும் ஓரளவு கைகொடுக்கும். கடலோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறுவதையும் தடுக்கும். மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் ஊடுருவிய வரலாறும், அதன் பின்னணியில் வந்த 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டமும் இதற்குத் துணைநிற்கும். இவ்வாறு எழுதினால், பெரிய திட்டங்கள் தேவையில்லை என்று சொல்லும் கட்டாயமும் உங்களுக்கு இல்லாமல் போகிறது. அந்தக் கட்டாயம்தான் உங்கள் வாதத்தின் பலவீனமான மூட்டு.

ஏட்டுச்சுவடி:

இன்னொரு மூட்டையும் நான் சுட்டிக்காட்ட வேண்டும். மூன்றாவது தலைப்பிலிருந்து ஐந்தாவதுக்குப் பாய்கிறீர்கள். அமைப்புகள் பராமரிப்பின்றிக் கெடுகின்றன என்பதை நான் ஏற்றாலும், அதைச் சரிபார்க்க வேண்டியது மாநகராட்சிதான் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. குடியிருப்போர் நலச் சங்கம் ஏன் செய்யக் கூடாது? சொத்து வரியில் சலுகை கொடுத்தால் உரிமையாளரே செய்ய மாட்டாரா? அந்தக் கேள்விக்கு ஒரு தனித் தலைப்பு வேண்டும். பொது நிர்வாக மாணவியான உங்களுக்கு, கட்டுரையின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது; தேர்வாளர் நீரியலைவிட அதையே தேடுவார்.

சொற்களைப் பங்கிடும்போதும் இதை மனத்தில் கொள்ளுங்கள். நீர் வரலாற்றுக்கு நூற்றைம்பது சொற்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம். தெலுங்கு கங்கை, பழைய கோயில் குளங்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். அவையெல்லாம் சுவையானவைதான், ஆனாலும் நன்னூலார் குற்றமாக எண்ணிய 'மற்றொன்று விரித்தல்' அப்படித்தான் நேர்கிறது. மூன்றாவது தலைப்புக்கும் 'ஏன் மாநகராட்சி' என்ற புதிய தலைப்புக்கும் சேர்த்துப் பாதிக் கட்டுரையைக் கொடுங்கள். பெரும்பாலான மாணவர் கட்டுரைகள் தொடக்கத்தில் சொற்களைச் செலவழித்துவிட்டு, முன்மொழிவுக்கு வரும்போது இரண்டு பத்திகளில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்ற குற்றத்துக்கு ஆளாகின்றன.

தாமரைக்குளம்:

'ஏன் மாநகராட்சி' என்ற தலைப்பை நான்காவதாகச் சேர்த்து, ஏரிகளைப் பற்றிய பகுதியை ஊற்றுக்கண் ஐயா சொன்னவாறு மாற்றி எழுதுகிறேன். ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. எதிர்த்தரப்பின் வாதத்தை எந்த இடத்தில் வைப்பது? முடிவுரைக்கு முன்பு ஒரே பகுதியாக வைப்பதைத்தான் பல வழிகாட்டி நூல்களில் பார்க்கிறேன்.

நூலகவாசல்:

அது எளிதான இடம் என்பதால் நூல்கள் அதைச் சொல்கின்றன. உங்கள் கட்டுரையில் எதிர்ப்புகள் இரண்டு வகை. 'நீர்மட்டம் உயர்ந்ததே போதுமான சான்று' என்பது உங்கள் முதல் தலைப்போடு மோதுவது. அதை அங்கேயே எடுத்து விடை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாசகர் அந்த ஐயத்தோடே மீதிப் பக்கங்களைப் படிப்பார். 'உரிமையாளரின் பொறுப்புக்கு விட்டுவிடலாம்' என்பது முன்மொழிவோடு மோதுவது. அதற்கு உரிய இடம் உங்கள் புதிய நான்காம் தலைப்பு. எந்தத் தலைப்பைப் படிக்கும்போது அந்த எதிர்ப்பு வாசகர் மனத்தில் தோன்றுமோ, அந்தத் தலைப்பின் கீழ் அதை வையுங்கள்.

தகவல் உரிமை மனுவில் கேட்க வேண்டியவற்றையும் இந்தச் சட்டகமே காட்டிவிடுகிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் மழைநீர் சேகரிப்பு அமைப்புகளைச் சரிபார்க்க மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளின் எண்ணிக்கை, மண்டல வாரியாக. அவற்றில் செயல்படும் நிலையில் இருந்தவை எத்தனை. அந்தப் பணிக்கு ஒதுக்கப்பட்ட பணியாளர்கள் எத்தனை பேர். முதல் இரண்டும் மூன்றாம் தலைப்புக்கும், கடைசியது நான்காம் தலைப்புக்கும் பயன்படும். மண்டல வாரியாகக் கேட்க மறக்காதீர்கள். நகரம் முழுவதற்குமான ஒரே எண்ணாக வந்தால், களிமண்ணையும் மணலையும் பிரித்துப் பார்க்க உங்களால் முடியாது.